மூக்கில் அடிபட்டால் மறைக்காதீங்க!

(மணலூர்பேட்டை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



மாடு முட்டினாலும், வண்டியிலிருந்து விழுந்தாலும் முதலில் அடி வாங்குவது மூக்குதான். உடனே நாம் என்ன செய்கிறோம்? மல்லாக்கப் படுக்க வைத்து, காபித்தூளை அப்புகிறோம். இரண்டும் தவறு. படுத்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும், மூச்சும் அடைக்கும்.

நேராக உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லுங்க. மூக்கின் மெதுவான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கணும். நடுவில் கையை எடுத்துப் பார்க்கக் கூடாது. வாயால் மூச்சு விடட்டும், வாய்க்கு வரும் இரத்தத்தைத் துப்பட்டும்.

இரத்தம் நின்றதும் எல்லாம் சரியாச்சு என்று நினைக்காதீங்க. இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் உள்ள சுவரில் இரத்தம் கட்டிக்கொள்ளலாம். மூக்கு அடைக்கும், வலி கூடும். 24 மணி நேரத்துக்குள் டாக்டர் அதைக் கீறி எடுக்கணும். விட்டால் சீழ் பிடித்து, குருத்தெலும்பு கெட்டு, மூக்கு நடுவில் பள்ளமாகிவிடும். குழந்தைகளுக்கு இன்னும் கவனம் தேவை.

இரத்தம் நிற்கவில்லை, மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் வடிகிறது, மயக்கம், பார்வை மங்கல் என்றால் 108-ஐ அழையுங்க. திருக்கோவிலூரில் அரசு மருத்துவமனை இருக்கு. கள்ளக்குறிச்சியில் 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு.

சிகிச்சை முடிந்து வந்தவரைத் தலையணை உயர்த்திப் படுக்க வையுங்க. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும். மூக்கில் வைத்த பஞ்சை நாமே இழுக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போகணும்.

கடைசியாக ஒன்று. சில சகோதரிகளுக்கு மூக்கு உடைவது வீட்டு அடியால்தான். 'வாசப்படியில விழுந்துட்டேன்' என்று முந்தானையால் மூடி, வீக்கம் வற்றும்வரை வெளியே வருவதில்லை. வெட்கப்பட்டு ஒளியும் அந்த இரண்டு நாளில்தான் மூக்கு கெட்டுப்போகிறது. வெட்கம் அடித்தவருக்கு வரட்டும், அடிபட்டவருக்கு எதற்கு? டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்க. சொன்னால்தான் அது பதிவாகும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் நமக்குப் பாதுகாப்பு தருகிறது. 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண்.

கடன் தவணைக்கு வராத உறுப்பினர் வீட்டுக்கு நாம் போகிறோம் அல்லவா? கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டுக்கும் அன்றைக்கே போய்ப் பார்ப்போம்.