ஒரே பத்திரம், இரண்டு விலை



அரசு கடன் வாங்குகிறது. அதற்குப் பத்திரம் எழுதித் தருகிறது. அதே அரசு வரி கேட்கிறது. "உன் பத்திரந்தானே, வரிக்கு ஈடாக எடுத்துக்கொள்" என்று குடிமகன் நீட்டினால், நியாயந்தானே என்று தோன்றும். ஆனால் எந்தக் குடிமகன், எந்த வரி, என்ன விலைக்கு என்று கேளாமல் தலையசைத்துவிடாதீர்கள்.

அமெரிக்கக் கருவூலம் விற்ற சில பத்திரங்களுக்குச் சந்தை சூட்டிய பெயர் 'மலர்ப் பத்திரம்.' பெயர் மலர்; மணப்பதோ மயானத்தில்! உரியவர் இறந்தபின், அவரது சொத்தின் மீதான இறப்பு வரிக்கு அப்பத்திரத்தை முழு முகமதிப்புக்கே கருவூலம் ஏற்றது. சாகும்போது அது அவருடைய உடைமையாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவே!

1960-ல் வெளியிட்ட ஒரு பத்திரத்துக்கு வட்டி மூன்றரை சதவீதம், முதிர்வு 1998-ல். எழுபதுகளில் நாட்டில் வட்டி ஏறிற்று. குறைந்த வட்டிப் பத்திரத்தின் சந்தை விலை சரிந்தது. ஆயிரம் டாலர் பத்திரம் 750-க்கு விற்றதென்று வைத்துக்கொள்வோம். பணமுடையால் அதை விற்ற ஆசிரியருக்குக் கிடைப்பது 750. அதை வாங்கி வைத்த கோமான் மாண்டால், அவர் வாரிசுக்கு அதே தாள் ஆயிரம் டாலர் வரியைத் தீர்க்கிறது! 1998 வரை காத்திருந்து தரவேண்டிய தொகையைக் கருவூலம் முன்கூட்டியே தந்துவிடுகிறது. சொத்துக் கணக்கிலும் அப்பத்திரத்தை முழு மதிப்புக்கே எழுத வேண்டும், ஆகவே இலாபத்தில் ஒரு பங்கு வரியாகத் திரும்பும் என்பார்கள். மெய்தான், ஒரு பங்குதான்!

இறப்பு வரி ஏழையைத் தொடுவதில்லை, பெருஞ்செல்வர்க்கே அது. ஆகவே சலுகையும் அவர்களுக்கே. நினைவிழந்து கிடந்தவர் பெயரில், அதிகாரப் பத்திரம் பெற்றவர்கள் அவசர அவசரமாக இவற்றை வாங்கினர். செல்லுமா, செல்லாதா என்று வழக்குமன்றம் வரை போயிற்று. மருத்துவர் ஒருபுறம் நாடி பார்க்க, மறுபுறம் தரகர் விலை பார்த்த காட்சியை எண்ணிப் பாருங்கள்!

பத்திரத்தை வரிக்கு ஏற்பதே தீதென்று நான் வாதாடவில்லை. 2001-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் மாகாணம், கையில் காசின்றி, தன் ஊழியர் ஊதியத்தில் ஒரு பகுதியைப் 'படக்கோன்' என்னும் கடன் பத்திரமாகத் தந்தது. மாகாண வரிக்கு அது செல்லும் என்ற உறுதி இருந்ததால் கடைக்காரரும் வாங்கினார். வறுமையில் பிறந்த ஏற்பாடு அது, நான் புகழவில்லை. ஆயினும் எழுத்தரின் கையிலிருந்த தாளுக்கும் வணிகரின் கையிலிருந்த தாளுக்கும் வரி அலுவலகத்தில் ஒரே மதிப்பு. அமெரிக்காவிலோ, முழு மதிப்புப் பெறச் செல்வராகவும் இருக்க வேண்டியிருந்தது, இறந்தும் இருக்க வேண்டியிருந்தது!

1971-ல் அமெரிக்கச் சட்டமன்றம் புதிய மலர்ப் பத்திர வெளியீட்டை நிறுத்திற்று. முன்பே விற்றவற்றின் உரிமையை மட்டும் தொடவில்லை. கடைசி மலர் உதிர 1998 நவம்பர் ஆயிற்று.