'பெறலாம்' என்று வாசித்தேன், பாட்டி வரிசையில் நின்றார்

எனக்கு முன்பு பேசியவர்கள் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நான் பேச வந்திருப்பது பெரியவர்களின் ஆங்கிலத்தைப் பற்றி. அதாவது, ஆங்கிலத்திலும் மலாயிலும் வரும் செய்தியைத் தமிழாக்கி உங்கள் வீட்டு வரவேற்பறையில் வாசித்துவிட்டுப் போகும் எங்களைப் போன்றவர்களின் ஆங்கிலத்தைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலைச் செய்தியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதியோருக்கான உதவித் தொகை பற்றி ஓர் அதிகாரி பேசியிருந்தார். ஆங்கிலத்தில் வந்த வாக்கியத்தில் 'மே ரிசீவ்' என்று இருந்தது. நான் மொழிபெயர்த்து வாசித்தேன்: "தகுதியுள்ள முதியவர்கள் அடுத்த மாதமே உதவித் தொகையைப் பெறலாம் என அதிகாரி தெரிவித்தார்." அடுத்த மாதம் முதல் தேதி. எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டில் இருக்கும் பாட்டி, எழுபது வயதைத் தாண்டியவர், பஸ் ஏறி வங்கிக்குப் போய் காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை வரிசையில் நின்றிருக்கிறார். பணம் வரவில்லை. மாலையில் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "நீதானேம்மா டிவியில சொன்னே, வாங்கிக்கலாம்னு?"

நான் அகராதியை எடுத்துக் காட்டியிருக்கலாம். 'மே' என்றால் 'லாம்' என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் பாட்டியின் கால் வீங்கியிருந்தது.

இந்த 'லாம்' தமிழில் இரண்டு வேலை செய்கிறது. "நீங்கள் இங்கே உட்காரலாம்" என்றால் அனுமதி. "மாலையில் மழை வரலாம்" என்றால் ஊகம். மழைக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை என்பதால் குழப்பம் இல்லை. ஆனால் பணம், கடை, பள்ளி, அலுவலகம் என்று வந்துவிட்டால், அதுவும் சொல்பவர் ஓர் அதிகாரி என்றால், காது முதலில் அனுமதியைத்தான் கேட்கிறது. "பெறலாம்" என்று அதிகாரி சொன்னால் போய் வாங்கிக்கொள் என்று அர்த்தம். அவர் சொன்னதோ, கிடைத்தாலும் கிடைக்கும் என்பது. "கிடைக்கக்கூடும்" என்று நான் எழுதியிருந்தால் பாட்டி வீட்டில் இருந்திருப்பார்.

ஆங்கிலத்தின் 'மே'யும் இதே இரட்டை வேலையைச் செய்யும் சொல்தான். மலாயில் 'போலே' பெரும்பாலும் முடியும், செய்யலாம் என்ற பக்கம் நிற்கும். ஊகத்துக்கு 'முங்கின்' என்று தனிச் சொல் இருக்கிறது. ஆகவே ஒரே அறிவிப்பு இரு மொழிகளிலும் வந்தால், மலாய் வாசகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தமிழுக்குப் போவது நல்லது. அலுவலகத்தில் இதைச் சொன்னால், "அதற்கெல்லாம் ஏது நேரம்?" என்பார்கள். நேரம் இல்லை என்பது உண்மைதான்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாட்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் மட்டும் சாமான் வாங்கப் போகலாம், ஏப்ரல் முதல் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் போகலாம். இவை அனுமதிகள். அதே செய்தியில், "கட்டுப்பாடு நீட்டிக்கப்படலாம்" என்றும் வாசித்தோம். அது ஊகம். இரண்டுக்கும் ஒரே 'லாம்'. "சில கடைகள் திறக்கப்படலாம்" என்று ஒரு வரி வந்தால், நாளைக்குக் கடையைத் திறக்க வேண்டிய முடிதிருத்துநர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? தவறாக எடுத்துக்கொண்டால் அபராதம் கட்டுவது அவர், வாசித்த நாங்கள் அல்ல.

'லாம்' இப்படி என்றால் 'வேண்டும்' அதைவிட ஆபத்தானது. ஆங்கிலத்தின் 'மஸ்ட்', 'ஷுட்', 'நீட்' மூன்றையும் நாம் 'வேண்டும்' என்ற ஒரே கூடையில் போடுகிறோம். 'மஸ்ட் ஹேவ்' என்று வந்தால் அது கட்டாயம் அல்ல, ஊகம். "ஹி மஸ்ட் ஹேவ் டைட்" என்பதைத் தமிழில் "அவர் இறந்திருக்க வேண்டும்" என்று எழுதுகிறோம். இலக்கணப்படி சரி. ஆனால் அந்த வீட்டு மனிதர்கள் அதைக் கேட்டால் என்ன கேட்கும்? செத்திருக்கணும் என்று யாரோ விரும்புவது போலக் கேட்கும்.

இதை நான் எம்எச்370-இல்தான் உணர்ந்தேன். 2014 மார்ச் 8-ஆம் தேதி 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய விமானம். மார்ச் 24-ஆம் தேதி இரவு, துணைக்கோள் தரவின்படி அதன் பயணம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று பிரதமர் நஜிப் அறிவித்தார். குடும்பத்தினர் பலருக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி போனது. விமானத்தை இழந்துவிட்டோம், யாரும் பிழைக்கவில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி அனுமானிக்க வேண்டியுள்ளது என்பது அதன் சாரம். அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைக் கவனியுங்கள்: அனுமானம். 'தட்' என்ற சொல்லுக்குப் பின்னால் மரணம், அதற்கு முன்னால் அனுமானம். கையில் ஒரு துண்டு உலோகம்கூடக் கிடைக்காத நேரம் அது. முன்னால் இருந்த சொல்லை விட்டுவிட்டு, "அனைவரும் மாண்டனர்" என்று மட்டும் தமிழில் போட்டால் அது வேறு செய்தி. "மாண்டிருக்க வேண்டும்" என்று போட்டால் அது கொடுமை. "மாண்டதாகவே கருத வேண்டியுள்ளது" என்பது நீளம்தான், டெலிபிராம்ப்டரில் ஒரு வரி கூடும். கூடட்டும்.

விமானி அறையிலிருந்து வந்த கடைசி வார்த்தைகள் "ஆல் ரைட், குட் நைட்" என்று முதலில் சொல்லப்பட்டது. மூன்று வாரம் உலகமே அதையே சொன்னது. மார்ச் மாத இறுதியில்தான் அது "குட் நைட் மலேசியன் த்ரீ செவன் ஸீரோ" என்று திருத்தப்பட்டது. முதல் வாசகத்தை வைத்து எத்தனை பேர் எத்தனை கதை கட்டினார்கள்!

2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு பாகம் ஒதுங்கியது. ஆகஸ்டில் ஒரே இரவில் இரண்டு அறிவிப்புகள். அது எம்எச்370-இன் பாகம்தான் என்று ஐயமற உறுதியானதாக நம் பிரதமர் சொன்னார். பாரிசில் அரசு வழக்கறிஞர், அப்படி இருப்பதற்கு மிக வலுவான அனுமானம் உள்ளது என்று மட்டும் சொன்னார். பிரான்ஸ் தரப்பு உறுதி என்று சொன்னது செப்டம்பரில்தான். பொருள் ஒன்று, நேரம் ஒன்று, ஒருவர் 'உறுதி' என்கிறார், மற்றவர் 'அனுமானம்' என்கிறார். குடும்பத்தினர் கொதித்துப்போனார்கள். அன்று இரண்டுக்கும் சேர்த்து "தெரிவிக்கப்பட்டது" என்று ஒரே வினையைப் போட்டு முடித்த செய்தியாளர் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு விஷயத்தை மறைத்துவிட்டார் என்றுதான் நான் சொல்வேன். 2018 ஜூலையில் வந்த இறுதி அறிக்கையும் அப்படித்தான். மூன்றாம் தரப்பினரின் தலையீட்டை நிராகரிக்க முடியாது என்றது அது. நிராகரிக்க முடியாது என்றால் நடந்தது என்று பொருள் இல்லை. அடுத்த நாள் காப்பிக் கடையில் என் காதில் விழுந்தது: "யாரோ கடத்திட்டாங்கன்னு ரிப்போர்ட்டே சொல்லிடுச்சாம்!"

'டிபெர்ச்சாயாய்' என்று மலாயில் வந்தால் 'நம்பப்படுகிறது' என்கிறோம், யார் நம்புகிறார்கள் என்று கேட்பதில்லை. 'டிஜங்கா' என்றால் 'எதிர்பார்க்கப்படுகிறது'. நல்லதுக்குச் சரி. "மேலும் பலர் இறந்திருப்பர் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒரு நண்பர் எழுதிக் கொடுத்தார். இழவு வீட்டை எதிர்பார்ப்பார்களா? 'அஞ்சப்படுகிறது' என்று மாற்றினேன்.

இன்னொரு சிக்கல், வினையின் இடம். ஆங்கிலத்திலும் மலாயிலும் 'அவர் சொன்னார்' முன்னால் வரும். 'தட்', 'பஹாவா' என்று வைத்துப் பிறகு விஷயம் வரும். தமிழில் விஷயம் முழுதும் வந்து கடைசியில்தான் 'என்றார்'. தொழிற்சாலைக் கழிவுதான் ஆற்றைக் கெடுத்தது என்று ஒருவர் குற்றம் சாட்டினால், கேட்பவருக்கு அது முதலில் உண்மையாகவே போய்ச் சேர்கிறது. 'என்றார்' வரும்போது அம்மா அடுப்பை அணைக்க எழுந்து போயிருப்பார். பத்திரிகையில் கண் திரும்பி வந்து பார்க்கும், தொலைக்காட்சியில் காது திரும்பி வராது. ஆகவே சர்ச்சையான செய்தியில் பெயரை முன்னால் வைத்து, "இன்னார் சொல்வது இது" என்று தொடங்குவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

'மறுத்தார்' என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். "தான் லஞ்சம் வாங்கியதை அவர் மறுத்தார்." நாள்தோறும் எழுதுகிறோம். வாங்கியது உண்மை, அதை இவர் மறுக்கிறார் என்று அந்த வாக்கியமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. "தான் லஞ்சம் வாங்கவில்லை என்று அவர் மறுத்தார்" என்றால் அவர் பேச்சு அவருடையதாகவே இருக்கிறது. 'ஒப்புக்கொண்டார்' அதைவிட மோசம்; அதைப் போட்டதும் சாதாரண விளக்கம்கூடக் குற்ற வாக்குமூலம் ஆகிவிடும்.

மாணவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது 'வில்' 'வுட்' ஆகும், 'கேன்' 'குட்' ஆகும் என்று படிக்கிறீர்கள். அங்கே மாறுவது பெரும்பாலும் காலம்தான். "உதவ முடியும்" என்று ஒருவர் சொன்னதை, 'குட்' என்று பார்த்துவிட்டு "உதவ முடிந்தது" என்று எழுதிய மூத்த செய்தியாளர்களையே நான் பார்த்திருக்கிறேன். தமிழுக்கு அந்தச் சட்டம் இல்லை. "உதவ முடியும் என்றார்." அவ்வளவுதான்.

பாட்டியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். பணம் இரண்டு மாதம் கழித்து வந்தது. முறுக்கு சுட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷமும் வருமாம்மா?" என்று கேட்டார். நான் உஷாராக, "வரக்கூடும் பாட்டி" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "வராதுன்னு நேராவே சொல்லிடேம்மா."