கடல் கடந்த நிதிக் கல்வி
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிதி நூலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெறுதற்பொருட்டு இங்கிலாந்துக்குச் செல்லும் நம் பிள்ளைகளைக் குறித்துச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். நன்னூலும் காரிகையும் ஓதிய தமிழ்ப் பண்டிதனுக்கு இலண்டன் பட்டத்தில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் நகைத்தல் கூடும். யாமும் அவ்வாறே கருதி முதலில் மறுத்தோம். ஆயினும் ஆனி மாதத்தில் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று எம்மை இங்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

அன்பர் ஒருவர் தம் மகனை உடனழைத்து வந்து, துணிப்பையிலிருந்து பாங்கியின் கடன் பத்திரங்களை எடுத்து வைத்து, "பண்டிதரையா, இதில் எங்கெங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கையெழுத்திடும் இடத்தைத் தேடுமுன் யாம் பத்திரத்தைப் படித்தோம். வளவு வீட்டில் அவருக்கு உள்ளது பங்கு மாத்திரமே ஆதலின் பாங்கியார் அதனை ஈடாக ஏற்றிலர். அவர்தம் மனைவியார் பெயரில் ஊர்ப்புறத்தே கட்டிய சிறு வீடே ஈடாக எழுதப்பட்டிருந்தது. யாம் இதனை வாய்விட்டுப் படித்த அளவில் மகன் முகம் வெளுத்தது. "ஆத்தா வீடா, அப்பச்சி?" என்ற ஒன்றையே அவன் கேட்டான். நிதி நூல் கற்கப் புறப்பட்டவனுக்குத் தன் பயணத்தின் நிதி தெரிந்திலது. தெரிவியாதவர் அவன்மேல் உயிரையே வைத்துள்ள தந்தையார். எம் பேச்சு இவ்விருவரையும் பற்றியதே.

நகரத்தார் கடல் கடப்பது புதிதன்று. இரங்கூனுக்கும் மோல்மீனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிக்கப் போனவர் வழியில் வந்தவர்கள் நாம். பெட்டியடிப் பையனாகக் கடையிற் புகுந்தவன், குறிப்பும் பேரேடும் எழுதப் பழகி, அடுத்தாளாகிப் பின் மேலாளாக உயர்ந்து, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பினான். அவனுக்கு நிதி நூல் கற்பித்தது கடை. கற்குங்காலத்தே சம்பளமும் உண்டு. அவன் கைப்பிழையால் வரும் நஷ்டம் முதலாளியைச் சார்ந்தது. இன்று செல்லும் பிள்ளையோ கடன்பட்டுக் கற்கின்றான். பிழை நேரின் அந்த நஷ்டம் ஆத்தா வீட்டின்மேல் விழுகின்றது. இரண்டனையும் "சீமைக்குப் போயிருக்கிறான்" என்னும் ஒரே சொல்லால் நாம் சொல்லி வருதலின், வேற்றுமை கண்ணிற் படுவதில்லை.

இனி, அங்குக் கற்பிப்பது யாதெனின், அதன் வேர் நமக்கு அயலானதன்று. நாளை வரும் நூறு ரூபாய் இன்றைய நூறு ரூபாய்க்கு ஒப்பாகாது என்பதே முதற் பாடம். தவணை உண்டியை வட்டங் கழித்து வாங்கிய நம் பாட்டனார் இதனை ஏட்டிற் படித்தாரல்லர். அடுத்தது, 1952ஆம் ஆண்டில் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய கட்டுரையினின்று தோன்றியது. அவருக்கு 1990இல் நோபெல் பரிசு கிடைத்தது. பல இடத்தில் முதலை இட்டுவைத்தல் மாத்திரம் போதாது, அவ்விடங்கள் ஒருங்கே வீழ்வனவா என்று பார்த்தல் வேண்டும் என்பது அவர் கணக்கிட்டுக் காட்டிய உண்மை. இதனைப் படித்தபோது எமக்குப் பர்மாவே நினைவுக்கு வந்தது. நம்மவர் ஆயிரமாயிரம் பேருக்குக் கடன் கொடுத்தனர். ஆனால் அத்துணைப் பேருக்கும் பயிர் ஒன்றே, நெல். 1930இல் நெல் விலை வீழத் தொடங்கியது. கடன்பட்டோர் அனைவரும் ஒருங்கே வீழ்ந்தனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 விழுக்காடளவே நம்மவர் கையிலிருந்த நிலம், 1938க்குள் 25 விழுக்காடாயிற்று. விரும்பி வாங்கியதன்று, பணம் வாராமையாற் கைக்கு வந்தது. 1942இல் போர் வந்து புகுந்தது; 1948இல் நிலம் அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. மார்க்கோவிட்ஸின் கட்டுரை நமக்கு இருபதாண்டு காலந் தாழ்த்து வந்ததென்று சொல்லலாம்.

இவ்வளவும் கேட்டு, "இது நம் இரத்தத்தில் உள்ள கல்வி, நம் பிள்ளைக்கு எளிதில் வரும்" என்று எண்ணிவிடற்க. பிளாக், ஷோல்ஸ் என்பார் 1973இல் வகுத்த விலைக் கணக்கு முதலாயின உயர்ந்த கணிதத்தால் ஆயவை. நிகழ்தகவும் புள்ளியியலும் நுண்கணிதமும் கணிப்பொறிக்கு ஆணை எழுதும் பைத்தான் மொழியும் வேண்டும். பி.காம். படித்த நம் பிள்ளைகளுட் பலர் பேரேட்டில் வல்லவர். இவற்றில் வலியர் அல்லர். (இக்கணிதமும் முற்றுங் காக்கும் என்பதில்லை. ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997இல் நோபெல் பரிசு பெற்றனர்; அவர்கள் பங்காளிகளாயிருந்த முதலீட்டு நிறுவனம் அடுத்த ஆண்டே நொடித்தது; பிற பாங்கிகள் கூடி ஏறக்குறைய 360 கோடி டாலர் இட்டு அதனைத் தாங்கவேண்டியதாயிற்று.) மேலும், பெயர் ஒன்றாயினும் படிப்புக்கள் பலவகை. ஆக்ஸ்போர்டில் நிதிப் பொருளாதார எம்.எஸ்ஸி. ஒன்பது மாதத்தில் முடிவது. கேம்பிரிட்ஜின் நிதிப் பட்டமோ ஈராண்டேனும் வேலை பார்த்தவரையே வேண்டுவது. இவ்வேறுபாட்டை ஆராயாது, தரகர் நீட்டிய தாளில் முதலில் உள்ள பெயரைத் தெரிந்துகொள்ளுதலைப் பல வீடுகளிற் கண்டோம்.

நிற்க. பெற்றோர் எவரும் எம்மிடம் வினவாததும், வினவற்குரியதும் ஒன்றுண்டு. அது காலக் கணக்கு. பிரித்தானியாவில் இப்பட்டம் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. ஸெப்டம்பர் இறுதியில் வகுப்புத் தொடங்கும். ஆனால் இலண்டனிலுள்ள பெரிய பாங்கிகள் அடுத்த ஆண்டில் வேலைக்கு எடுக்கவேண்டியவர்களுக்கு ஆகஸ்டு, ஸெப்டம்பர் மாதங்களிலேயே விண்ணப்பக் கதவைத் திறந்து, அக்டோபர், நவம்பருக்குள் பெரும்பாலும் அடைத்துவிடுகின்றன. நம் பிள்ளை போய் இறங்கி, தங்கும் அறை தேடி, குளிருக்குச் சட்டை வாங்கி, வாத்தியார் பேசும் ஆங்கிலம் செவிக்குப் பழகுமுன் அக்கதவு பாதி அடைபட்டிருக்கும். அமெரிக்காவில் ஈராண்டுப் படிப்பாயின் இடையே ஒரு கோடை வரும். அக்கோடையில் ஒரு நிறுவனத்திற் பயிற்சி பெற்று அங்கேயே காலூன்றலாம். இங்கிலாந்தின் ஓராண்டில் அத்தகைய இடைக்கோடை இல்லை. வரும் கோடை ஆய்வுரை எழுதுதற்கு உரியது. ஆகவே வேலைக்குரிய விண்ணப்பத்தை ஆடி மாதத்தில், காரைக்குடியில் இருந்தபடியே எழுதிவைத்தல் வேண்டும்.

எம்மிடம் தமிழ் பயின்ற ஒருவர் இதனால் இடர்ப்பட்டார். 2022இல் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சர்வகலாசாலைக்குச் சென்றார், நன்கு தேறினார். பட்டத்தின்பின் ஈராண்டு தங்கி வேலை தேட விசாவும் கிடைத்தது. அவர் தேடிக்கொண்டிருக்கையிலேயே விதி மாறியது. வேலை விசாவுக்குப் பொதுவாக வேண்டிய ஆண்டுச் சம்பளம் 26,200 பவுனாயிருந்தது, 2024 ஏப்ரலில் 38,700 ஆகவும், 2025 ஜூலையில் 41,700 ஆகவும் உயர்ந்தது. புதிதாகத் தொழில் புகுவார்க்குக் குறைந்த அளவு ஒன்று உண்டேனும், அதனைக் கொடுத்து அயல் நாட்டானை எடுக்க முன்வரும் சிறு நிறுவனங்கள் அரியவாயின. அவர் ஒரு பண்டகசாலையில் இரவில் பெட்டி அடுக்கினார். வீட்டுக்கோ, "பாங்கியில் இருக்கிறேன்" என்று பதினான்கு மாதம் சொல்லிவந்தார். 2025இல் ஊர் திரும்பியபின் எம்மிடம், "ஐயா, பெட்டி தூக்கியது எனக்கு வருத்தமில்லை; ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆத்தாளிடம் பொய் சொன்னதுதான் முடியவில்லை" என்றார். பெட்டியடியில் தொடங்கியவர் பேரர் பெட்டி அடுக்கியதில் இழிவு யாதும் இல்லை என்று யாம் தேற்றினோம். தந்தை ஈட்டை மறைத்தார். மகன் வேலையை மறைத்தார். வட்டி மாத்திரம் மறையாது ஏறிக்கொண்டிருந்தது.

அவ்வீராண்டும் இப்போது சுருங்குகின்றது: 2027 ஜனவரி முதல் தேதி தொட்டு விண்ணப்பிப்போர்க்குப் பதினெட்டு மாதமே. 2024 ஜனவரி முதல் தொடங்கும் இத்தகைய படிப்புக்களுக்கு மனைவியையோ கணவனையோ உடன் கொண்டுபோதலும் இல்லை. "படிக்கும் பிள்ளையோடு பெண்ணும் சீமைக்குப் போவாள்" என்று சொல்லிச் சீர் பேசுவோர் இதனைச் செவியில் இட்டுக்கொள்க.

கடனின் கணக்கை உங்கள் எதிரிலேயே போட்டுக்காட்டுகின்றோம். உதாரணமாக 40 இலட்சம், நூற்றுக்கு ஆண்டு 10 வட்டி என்று கொள்வோம். படிக்கும் ஓராண்டும் பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டா என்பர். கேட்க இனிது. ஆனால் அவ்வீராண்டும் வட்டி நடக்கின்றது. தனி வட்டியாகவே கொண்டாலும் 8 இலட்சம். அது முதலோடு சேர்ந்து 48 இலட்சமாகும். பதினைந்தாண்டில் அடைப்பதாயின் மாதம் ஏறக்குறைய 51,600 ரூபாய். மொத்தம் 93 இலட்சத்தைத் தொடும். இதன்றியும், இலண்டனிற் படிப்பவர் சம்பளப் பணம் நீங்கலாக மாதம் 1,529 பவுன் வீதம் ஒன்பது மாதச் செலவுத் தொகையைத் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாது வைத்துக் காட்டவேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த விதி. இதற்காக நாள்வட்டிக்குக் கைமாற்று வாங்குவோரும் உளர்.

ஆனி மாதத்து அன்பரிடம் மீள்வோம். அன்று மாலை இக்கணக்கை யாம் சொல்ல, மகனே தன் கையால் ஒரு தாளில் எழுதினான். தந்தையார் அருகிருந்து பார்த்தார். "அங்கே வேலை கிடைக்காமல் ஊருக்கே திரும்பினால் என்ன சம்பளம் வரும்? அதையும் எழுது, தம்பி" என்றோம். அவன் விசாரித்து வைத்திருந்த தொகையை எழுதினான். தவணைக்கும் அதற்கும் இடையே எட்டாயிரம் ரூபாயே எஞ்சியது. நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் மகன், "அப்பச்சி, நான் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றான். தந்தையார், "ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே" என்றார். அதற்கு யாம் விடை சொல்லவில்லை, அவர்தாமும் எதிர்பார்த்திலர்.

அப்பிள்ளை இப்போது சென்னையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்த்து, இரவிற் புள்ளியியல் பயில்கின்றான். கையெழுத்திடாத பத்திரங்கள் இன்னும் எம் அலமாரியில் உள்ளன. இத்தகைய தாள்களைப் படித்துப் பார்க்க விரும்புவோர் ஞாயிறு மாலையில் எம் இல்லத்திற்கு வரலாம். வருங்கால் பிள்ளையையும், வீட்டுக்கு உரிய தாயாரையும் உடன் அழைத்து வருக.