டேங்கர் லாரி முதுகில் ஒரு சொல்

சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரி போனால் அதன் முதுகைப் பாருங்கள். 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். வீட்டிலுள்ள சானிடைசர் புட்டியைத் திருப்பினால் 'ஃப்ளேமபிள்' என்று இருக்கும். ஒன்றுக்கொன்று எதிர்ச்சொல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 'கரெக்ட்', 'இன்கரெக்ட்' என்று படித்து வளர்ந்தவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? ஆனால் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும்.

இவற்றில் 'இன்ஃப்ளேமபிள்'தான் மூத்தது. லத்தீனில் 'இன்ஃப்ளம்மாரே' என்றால் தீ மூட்டுவது. அந்த 'இன்' மறுப்பதற்கு வந்ததல்ல. டாக்டர்கள் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்' இதே வேரில் பிறந்தது. தமிழில் அதை அழற்சி என்கிறோம். அழல் என்றாலும் நெருப்புதானே!

எச்சரிக்கைப் பலகையைத் தப்பாகப் படித்தால் உயிருக்கே உலை. அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள் என்று வலியுறுத்தியது. பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் 1959-இல் அந்த வழிக்கு வந்தது. இலக்கணத்தைவிட உயிர் பெரிது என்று எடுத்த முடிவு அது. எனக்கு அதில் முழு உடன்பாடு. நம் லாரிகளில்தான் பழைய சொல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தீப்பற்றாத பொருளுக்கு உரிய சொல் 'நான்-ஃப்ளேமபிள்'. மற்ற இரண்டில் எது எழுதியிருந்தாலும் அந்தப் புட்டியை அடுப்பு மேடையிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். சானிடைசர் தடவிய கை நன்றாக உலரும் முன் தீக்குச்சியை உரசாதீர்கள்.