கயிற்றில் தொங்கும் நொய்யல்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நூலக வராந்தாவில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் மாட்டி, மாணவர்கள் தொங்கவிட்டிருக்கும் குட்டிப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு தாள். எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு. எட்டுப் பக்கப் புத்தகம் ரெடி. தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். இதற்கு 'ஜீன்' என்று பேராம். அமெரிக்காவில் 1930-ஐ ஒட்டி அறிவியல் கதைப் பிரியர்கள் சொந்தச் செலவில் படியெடுத்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட இதழ்களின் வாரிசு. நம்ம காலத்தில் கையெழுத்துப் பத்திரிகை என்போம். விடுதியில் ஒரே பிரதி அறை அறையாகப் போகும், டீக்கறையோடு திரும்பி வரும். ஆனா நாம எழுதினது பூரா நிலாவும் காதலும்தானுங்க! (சிரிப்பு) இவர்கள் நொய்யலை எழுதியிருக்கிறார்கள்.

அதில் ஒன்றைப் பற்றித்தான் பேச வந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் செய்தது. பக்கத்துக்கு ஒரு நிறம். ஆறு அன்றைக்கு என்ன நிறத்தில் ஓடியதோ அந்த நிறம். நடுப்பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே கிணறுகள் உப்பாகி, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை.

அடுத்த பக்கம்தான் தெரியாதது. அந்தப் பெண்ணின் அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. பட்டறை மூடியபோது இவள் ஒண்ணாங்கிளாஸ். அப்பாவின் நகக்கண்ணில் சாயம் மெல்ல மெல்ல மறைந்ததையும், வீட்டில் கடன் ஏறியதையும் ஒரே வரியில் எழுதிவிட்டாள். ஆற்றையும் விட்டுக்கொடுக்கவில்லை, அப்பாவையும் விட்டுக்கொடுக்கவில்லை.

காலையில் நண்பர்கள் சிலர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏனுங்க, சாயத்தொழில் பண்றவங்க நம்மள்லயே இருக்காங்க, நன்கொடையும் குடுத்திருக்காங்க. அந்த ஒண்ண மட்டும் எடுத்து உள்ள வெச்சிரலாமுங்களே?" என்றார்கள். அவர்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதில் எந்தக் கம்பெனி பேரும் இல்லை. அந்தத் தொழிலின் சோற்றில் வளர்ந்த பிள்ளை எழுதியது. அதை எடுத்தால் மற்றவையும் வெறும் அலங்காரத் தோரணம்தான்.

தொழில் செய்யும் நண்பர்களே, உங்களிடமும் சொல்ல விஷயம் இருக்கிறது. சுத்திகரித்த தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த எவ்வளவு செலவாகிறது, மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நீங்கள்தானே எழுத முடியும்? வெள்ளைத்தாளும் கத்தரிக்கோலும் வராந்தா மேஜைமேல் இருக்கின்றன. மடிப்பதற்குப் பிள்ளைகள் சொல்லித்தருவார்கள். கயிற்றில் இன்னும் இடம் இருக்கிறது.

அந்தக் குட்டிப் புத்தகம் சாயங்காலம் வரைக்கும் அங்கேதான் தொங்கும். செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.