சேற்றில் இறங்கியவர்களும் படகில் ஏறுகிறவர்களும்

(வெம்பக்கோட்டையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கூவத்தில் படகு விடுவதைப் பற்றி வெம்பக்கோட்டையில் வந்து எதுக்குப் பேசணும் என்று வரும்போதே ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்ம வைப்பாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் கிடக்கு. அதுவும் லாரியில் போனது போக மிச்சம். படகை எங்கே விடுறது?

ஆனால் தூர் வாருவது என்றால் என்னவென்று சென்னைக்காரனைவிட உங்களுக்குத் தெரியும். கண்மாய்க்குள் இறங்கியவர்கள் நாம். மடைக்குடும்பன் முங்கித் திறந்த தண்ணீர்தான் ஊர் வயல் முழுக்கப் பாய்ந்தது. அந்த ஆயக்கட்டில் அவனுக்கு எத்தனை குழி நிலம் இருந்தது என்பது வேற கதை. குடிமராமத்து என்றால் ஏதோ ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி இன்றைக்குப் பெருமை பேசுகிறார்கள். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டான் வெள்ளைக்காரன். கரை உடைகிற நேரத்தில் உழைக்கும் வகுப்பு ஆட்களை வரச் சொல்லி வேலை வாங்கலாம், வராவிட்டால் தண்டிக்கலாம். அந்த வகுப்பு எந்தத் தெருவில் குடியிருந்தது என்று கண்டுபிடிக்க டாக்டர் பட்டம் வேண்டியதில்லை.

இருந்தாலும் கண்மாயில் வெட்டுகிற கரம்பைக்கு ஒரு மதிப்பு உண்டு. வண்டி கட்டி அள்ளிப்போய் நிலத்தில் போட்டார்கள். நிலம் இருந்தவன் போட்டான். நகரத்து ஆற்றில் அள்ளுகிற சேற்றுக்கு அந்த மதிப்பும் கிடையாது. யாருக்கும் வேண்டாத சேறு அது. வேண்டாததை யார் கையால் அள்ளி எந்த வாசலில் கொட்டுகிறார்கள் என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

கூவம் ஏன் தூர்ந்து போகிறது? குடிசைக்காரன் குப்பை கொட்டுகிறான், அதனால் என்று சொல்லித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். ஆற்றைப் பாருங்கள். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாறு ஒரு பக்கமும் கூவம் ஒரு பக்கமுமாகப் பிரிகிறது. கொசஸ்தலையாற்றுத் தண்ணீர், 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரிக்குப் போய், பட்டணத்தின் குழாய்க்கு வருகிறது. குடித்துக் குளித்த பட்டணம் அதைச் சாக்கடையாக்கிக் கூவத்தில் விடுகிறது. மழைக்காலம் போக மற்ற நாளில் நகரத்துக்குள் ஓடுவது ஆறு இல்லை, மாடி வீடுகளின் கழிவறையும் சேர்ந்த கழிவுநீர்.

இன்னொரு காரணம் கடலில் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். மணல் அதில் முட்டித் தெற்கே தேங்கியது. இன்றைக்கு நாம் போய் சுண்டல் தின்கிற மெரினா அப்படி அகன்றதுதான். வடக்கே மணல் வராமல் ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் ஏறியது. தேங்கின அதே மணல்தான் நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே திட்டுப் போட்டு ஆற்றின் வாயை மூடுகிறது. வாய் மூடினால் கடலேற்றம் உள்ளே வந்து அலசாது, கழிவும் வெளியே போகாது. அப்படியே படியும். பொக்லைன் வைத்து அள்ளினால் கொஞ்ச நாள் திறந்திருக்கும், பிறகு பழையபடிதான். ஆக ஆற்றின் வாயைக் கட்டியது துறைமுகம், வயிற்றில் கழிவை நிரப்பியது நகரம். குற்றவாளிக் கூண்டில் நிற்பது மட்டும் நம்ம ஆள்.

இந்த ஆற்றில் பத்திரமாகப் படகு போக என்ன வேணும்? படகின் அடி தண்ணீருக்குள் இறங்குகிற அளவு, அதற்குக் கீழேயும் இடைவெளி. ஆழத்தை அடிக்கடி அளந்து பார்க்கணும். ஒரு மழைக்குப் பிறகு பழைய அளவு செல்லாது. அடியில் சேறு மட்டுமா? கட்டடம் இடித்த கல், கம்பி, பிளாஸ்டிக், கிழிந்த துணி எல்லாம் கிடக்கு. மேலே ஆகாயத்தாமரை வந்து மோட்டாரின் விசிறியில் சுற்றும். ஆழப்படுத்தக் கிளறினால் அடிச்சேற்றில் அடைந்து கிடக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே வரும். அழுகின முட்டை நாற்றம் என்று படகுக்காரன் மூக்கைப் பொத்திக்கொள்வான். சாக்கடைக் குழிக்குள் இறங்கின நம்ம பிள்ளைகளைக் கொன்னது அதே வாயுதான்.

நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் பேரேட்டில் மூலதனச் செலவு ஒரு பக்கம், பராமரிப்புச் செலவு ஒரு பக்கம். மூலதனச் செலவுக்குக் கல்வெட்டு உண்டு, ரிப்பன் உண்டு, மாலை உண்டு. பராமரிப்புக்கு ஒன்றும் கிடையாது. அது தினமும் செய்கிற வேலை, செய்தது கண்ணுக்குத் தெரியாத வேலை. நம்ம நாட்டில் அந்த வேலையைச் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. தூர் வாரினார்கள், கரை கட்டினார்கள், படகுத்துறை கட்டினார்கள். 1973இல் கருணாநிதி படகுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். கொஞ்ச காலம்தான், நின்னு போச்சு. கல்வெட்டோடு மூலதனம் முடிந்தது, பராமரிப்புக்கு நாதி இல்லை.

அதற்கும் முந்திய ஒரு படகு வழி இருக்கு. பக்கிங்ஹாம் கால்வாய். 1806இல் தனியார் கால்வாயாக வடக்கே எண்ணூர் நோக்கித் தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் எட்டு கிலோமீட்டர் துண்டு மட்டும் 1877-78இல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம். நம்ம பாட்டிமார் கதையில் வருமே, அந்தப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலை என்று பேர். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை பார்க்கிற ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று குறைத்தான். ராத்தல் என்றால் நம்ம கணக்கில் சுமார் 450 கிராம். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு! மருத்துவ அதிகாரி கார்னிஷ் சண்டை போட்ட பிறகுதான் அது மாறியது. எலும்பும் தோலுமாக மண் சுமந்தவர்களில் ஒருத்தர் பேர்கூடக் கால்வாய்க்கு வைக்கப்படவில்லை. கவர்னர் பேர்தான் இருக்கு. அதில் விறகும் உப்பும் படகில் வந்தன, பட்டணம் தின்றது. பிறகு தூர்ந்தது. 1995இல் ஓட ஆரம்பித்த பறக்கும் ரயிலுக்குத் தூணைக் கால்வாய்க்குள்ளேயே அரசு நட்டது. அது ஆக்கிரமிப்பு இல்லையாம். 2008இல் அதே கால்வாயைத் தேசிய நீர்வழி 4இல் சேர்த்து அறிவித்தார்கள்.

ஆக்கிரமிப்பு என்ற சொல் எங்கே பாயும் தெரியுமா? 2015இல் 604 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிக் கூவம் சீரமைப்பு மறுபடி வந்தது. கரையிலிருந்து சுமார் 14,000 குடும்பங்களை அகற்றுவது அந்தத் திட்டத்தின் கணக்கிலேயே இருந்தது. சேற்றை அகற்றுவது ஒரு வரி, ஆளை அகற்றுவது அடுத்த வரி. 2019 டிசம்பரில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகரை இடித்தார்கள். பள்ளிக்கூட வருஷத்தின் பாதியில், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். சத்தியவாணி முத்து யார்? படகு விட்ட அதே ஆட்சியில் அரிஜன நலத்துறை அமைச்சர். 1974இல் கட்சியை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கியவர். அந்த அம்மா பேரில் இருந்த ஊரும் வெளியேற்றப்பட்டது.

சில வருஷம் நான் சென்னையில் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். அப்படி அகற்றப்பட்ட ஒரு அக்கா பாஸ்புக்கில் விலாசம் மாற்ற வந்தது. புது விலாசத்துக்கு ரேஷன் கார்டு மாறவில்லை, பழைய விலாசத்தில் வீடு இல்லை. படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கு, நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. "எதுல எழுத சார்?" என்று கேட்டது. வீட்டு வேலை பார்த்த இடம் ஆற்றங்கரைக்குப் பக்கம். புது இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரணும். வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் மாற்றினோம் என்கிறார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான இடம். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர்தான்.

பாதுகாப்பு என்ற சொல்லை நீங்க ரொம்பக் கேட்டிருப்பீங்க. ஒவ்வொரு பட்டாசு ஆலை வாசலிலும் போர்டாகத் தொங்குது. 2021 பிப்ரவரியில் பக்கத்து அச்சங்குளத்தில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோதும் அந்தச் சொல் எங்கேயும் ஓடிப்போகலை. பத்திரமான படகுப் பயணம் என்று சொல்லும்போதும் டிக்கெட் வாங்குகிறவனின் பத்திரம்தான் எண்ணப்படுகிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரைத் தொட்டது அது பொதுத் தண்ணீர் என்று நிறுவத்தான். இங்கே அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே தலைமுறையாகக் கிடந்தவனை, அழகுபடுத்த வந்ததும் அசுத்தம் என்கிறான்.

படகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகளும் ஏறட்டும். ஆனால் சிலது கேட்கணும். அள்ளின சேறு எங்கே போகுது? கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப ஆற்றுக்குள்தான், அதற்கு முன்னால் பக்கத்துக் குடிசைக்குள். அதில் என்ன உலோகம் இருக்குன்னு சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி அங்கேயே ஒட்டணும். தூர் வாருகிற வேலை ஒப்பந்தக்காரன் கையில் இல்லாமல், நிரந்தரச் சம்பளமும் மருத்துவமும் உள்ள அரசு வேலையாக வரணும், இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுத்து. 2013 சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்திருக்கு. சாக்கடையில் செத்தால் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் 30 லட்சமாக்கியது. சாவுக்குத் தொகை ஏறுது, இறங்குகிறவன் மாறலையே. ஆற்றில் விழுகிற கழிவை அடைக்காமல் வருஷா வருஷம் சேறு அள்ளுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணி சுமக்கிற வேலை. அந்தக் கழிவு எந்தெந்தக் குழாயிலிருந்து விழுது, குழாய்க்குச் சொந்தக்காரன் யார் என்று பட்டியல் கேளுங்கள். கரையிலிருந்த குடிசைகளை வீடு வீடாக எண்ணியவர்களுக்கு இதை எண்ணுவது கஷ்டமில்லை.

நேரமாச்சு. கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இருக்கீங்க. கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க, பேசுவோம்.