பச்சைப் புல்வெளியில் யார் படுக்கலாம்?



சாதி ஒழிப்புக் கூட்டத்தில் சுற்றுலாவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நிலம், கூலி, படிப்பு, கொலை என்று பேச நமக்கு ஆயிரம் இருக்கின்றன. ஆனால் ஒரு சமூகம் யாருக்கு ஓய்வை மறுக்கிறது, யாரைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுக்கிறது என்பதிலும் அதன் முகம் தெரியும். அதற்காக ஒரு ஏரியின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளில் ஜார்ஜ் வாஷிங்டன் தேசிய வனம் இருக்கிறது. மலையேறலாம், கூடாரம் அடிக்கலாம், மீன் பிடிக்கலாம், ஏரியில் நீந்தலாம். பக்கத்தில் கிளிஃப்டன் ஃபோர்ஜ் என்ற ரயில்வே ஊர். அங்கே கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. 1936இல் அந்த ஊருக்கு அருகே டவுதட் மாநிலப் பூங்கா திறக்கப்பட்டது. மக்கள் வரிப்பணத்தில் உருவான பூங்கா, ஆனால் வெள்ளையர்களுக்கு மட்டும். கறுப்பினக் குழந்தைகள் அந்த ஏரியில் கால் நனைக்க முடியாது.

ஊரிலிருந்த என்.ஏ.ஏ.சி.பி. கிளை சும்மா இருக்கவில்லை. எங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டது. அப்படித்தான் 1940இல் அந்தத் தேசிய வனத்துக்குள் 'கிரீன் பாஸ்சர்ஸ்', அதாவது பசும்புல்வெளி என்ற பொழுதுபோக்கு இடம் கறுப்பின மக்களுக்காகத் திறக்கப்பட்டது. ஏரி, நீந்துவதற்குக் கரை, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடக் கூரைப் பந்தல்கள்.

இது வெற்றியா, அவமானமா? இரண்டும்தான். போராடி வாங்கினார்கள், அதனால் வெற்றி. கோடை வெயிலில் தண்ணீரில் குதித்த பிள்ளைகளின் மகிழ்ச்சியை இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் தனி ஏரி கொடுத்துவிட்டதால் பொது ஏரியின் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லாமல் போனது. 1948இல் வேறொரு மாநிலப் பூங்காவில் அனுமதி மறுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஒருவர் வழக்குப் போட்டார். அரசு என்ன செய்தது தெரியுமா? அந்தப் பூங்காவைத் திறந்துவிடவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் ஏரியைக் கறுப்பர்களுக்கான மாநிலப் பூங்காவாக 1950இல் அறிவித்தது. அதற்குப் பக்கத்திலேயே வெள்ளையர்களுக்கு இன்னொரு ஏரி! செலவு இரண்டு மடங்கானாலும் பரவாயில்லை, ஒரே தண்ணீரில் இறங்கக் கூடாது.

இது நமக்குப் புதிதல்ல. தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனிக் குவளை பார்த்தவர்கள் நாம். மகாடில் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. ஆனால் தாளில் திறந்த குளம் தரையில் மூடியே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் தலைமையில் மக்கள் போய் அள்ளிக் குடித்தார்கள். இன்னொரு குளம் வெட்டித் தரச் சொல்லிக் கேட்கவில்லை, அந்தக் குளத்துக்கே போனார்கள். கிளிஃப்டன் ஃபோர்ஜ் மக்களைக் குறை சொல்ல இதை ஒப்பிடவில்லை. தனி இடம் கிடைத்த இடத்தில் போராட்டம் முடிந்துவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கிரீன் பாஸ்சர்ஸ் 1950இல் எல்லோருக்கும் பொதுவானது. பிறகு பெயரையும் 'லாங்டேல்' என்று மாற்றினார்கள். பிரிவினையின் அடையாளம் போனது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிய மக்களின் கதையும் பெயரோடு சேர்ந்து மறைந்தது. அண்மை ஆண்டுகளில்தான் பழைய பெயர் திரும்ப வந்திருக்கிறது.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. கிரீன் பாஸ்சர்ஸ் மக்கள் கொண்டாடிய பெயர், காலனி நம்மேல் வசைச்சொல்லாகச் சுமத்தப்பட்ட பெயர். இந்த வித்தியாசம் முக்கியம். ஆனால் பலகையை மாற்றியவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஊரையும் தெருவையும் பிரித்த பாதை மாறியதா? அந்தத் தெருவைக் கட்டியெழுப்பியவர்களின் போராட்டம் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது?

அடுத்த முறை நீங்கள் மலைக்கோ அருவிக்கோ போகும்போது சுற்றிப் பாருங்கள். யார் நடக்க வந்திருக்கிறார்கள், யார் மூட்டை சுமக்க வந்திருக்கிறார்கள், யார் குப்பை அள்ள வந்திருக்கிறார்கள்? ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டுக்கு, நுழைவுச்சீட்டு இலவசமாக இருந்தாலும் காடு மூடியேதான் இருக்கிறது. எனவே ஊதியத்தோடு விடுமுறை கேட்போம். மலையடிவாரம் வரை அரசுப் பேருந்து கேட்போம். காட்டோடு வாழும் பழங்குடிகளின் வன உரிமையைப் பறிக்காத சுற்றுலாவைக் கேட்போம்.

சும்மா புல்லில் படுத்து வானம் பார்க்கிற உரிமையும் நம் கோரிக்கைப் பட்டியலில் இருக்கட்டும்.